படி விளிம்பில் ஒரு கருப்புக் கோடு

எங்கள் மாமாவைப் பெயிண்டர்கள் மத்தியில் 'ஒரேகலர்' என்றுதான் சொல்வார்கள். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் தெரியாது. ஒரேகலர் இன்று எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டால் பெயிண்ட் கடைக்காரர் தெருவையும் மாடியையும் சேர்த்தே சொல்லிவிடுவார். கேலியாக வைத்த பெயர்தான் அது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஒரு அறைக்குள் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கதவு, நிலை, ஜன்னல் கம்பி, ஸ்விட்ச் போர்டின் மூடி எல்லாமே சுவரோடு சுவராகக் கரைந்துவிட வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தில் மூன்று தடவை பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கைக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடம் மறுபடி முதலிலிருந்து. நான் எலெக்ட்ரீஷியன். சுவரைக் குடைந்து நானே பதித்த பெட்டியை, அவர் பூசி முடித்த பிறகு என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை அப்படி ஒரு பெட்டியைத் தேடிச் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, யார் வேண்டும் என்று கேட்டார்.

இத்தனை நல்ல வேலைக்காரரைப் பற்றிச் சொல்ல வருகிறவன் சந்தோஷமாகத்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. காரணம் கடைசியில் வரும். இப்போதே சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

அக்கா பிஸ்கட் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். ஓடுகிற பட்டையில் வரும் பிஸ்கட்டில் உடைந்தது, கருகியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. கை மின்னலாகப் போகும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் உடைந்த பிஸ்கட் தின்றே வளர்ந்தவர்கள். ஒரு வருஷம் அவள் நின்ற இடத்தைத் தாண்டியும் உடைசல் போக ஆரம்பித்தது. பட்டையின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று அக்கா சண்டை போட்டாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷி, வேகம் அதேதான் என்று மெதுவாகச் சொல்லி, கண்ணைக் காட்டச் சொல்லி அனுப்பினாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். மாமாவுக்கு அப்போது ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை, தலையைத் தூக்க நேரமில்லை. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். போன பார்வை வராது, கண்ணாடி மாற்றினாலும் பிரயோஜனமில்லை, இருப்பதைக் காப்பாற்றத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். பக்கத்து அறையில் ஒரு அம்மா, பார்வை குறைந்தவர்கள் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுக்கவே உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வெள்ளைக் கோப்பையில் பால் ஊற்றி நீட்டி, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. அதே பாலைக் கருநீலக் கோப்பையில் ஊற்றினார். முக்கால் கோப்பை என்று அக்கா பட்டென்று சொன்னாள். கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அத்தனை பேர் முன்னால் அழுதாள்.

அந்த அம்மா சொன்னதெல்லாம் ஒரு தாளில் அச்சடித்தும் இருந்தது. படியின் விளிம்பில் எடுப்பான நிறத்தில் பட்டை வேண்டும். ஸ்விட்ச் போர்டு சுவரின் நிறத்தில் இருக்கக் கூடாது. கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள். மிதியடியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். பளபளப்பான பெயிண்ட், பளபளப்பான தரை இரண்டும் கண்ணைக் கூச வைக்கும். விளக்கு வேலை செய்கிற இடத்தில் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. படிக்கப் படிக்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமா ஆயுசு முழுக்க எதை எதை ஒளித்தாரோ, அதை எல்லாம் வெளியே எடுத்து வை என்று சொன்னது அந்தத் தாள்.

வெளியே வந்ததும் அக்கா அதை நாலாக மடித்து என் டூல் பையில் செருகினாள். கண்ணாடி பவர் கூடியிருக்கிறது என்று மட்டும் வீட்டில் சொல்லச் சொன்னாள். அவள் பயம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தால் அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அவள் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மகள் தங்கமான பெண்தான், ஆனால் சொன்னால் செய்கிற ஜாதி. மூன்றாவது மாடியில் வீடு, சமையலுக்கு ஆள் இருக்கிறது. அக்கா அங்கே போனால் நாற்காலியில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடிக்கலாம், அவ்வளவுதான்.

"ஃபேக்டரி போச்சு. அடுப்படி மட்டும்தான்டா எனக்குன்னு இருக்கு. அதையும் புடுங்கிடாதீங்க. மாமாகிட்ட வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு," என்றாள்.

சொன்னேன். அக்காவின் மேல் இருந்த பாசத்தில் சொன்னதாகத்தான் வெகுநாள் என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். மாமாவிடம் போய் உட்கார்ந்து, உங்கள் மனைவிக்குப் பாதிதான் தெரிகிறது என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது என்பதும் உண்மை.

மாமாவோ பவர் கூடியிருக்கிறது என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வீடு இருட்டாக இருப்பதுதான் காரணம் என்று அவராகவே முடிவு கட்டினார். அக்கா பத்து நாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கட்டட வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு இங்கே புகுந்தார். கூடமும் இரண்டு அறையும் கூடத்திலிருந்து ஒரு படி இறங்கினால் அடுப்படியும்தான் மொத்த வீடு. சுவர், கூரை, கதவு, அலமாரி எல்லாவற்றுக்கும் வெள்ளை, அதுவும் முகம் தெரிகிற பளபளப்பில். அந்தப் படிக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டு, விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி பூசி இழைத்துவிட்டார். வெளிச்சத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நான் கூரை முழுக்கப் பெரிய வெள்ளை விளக்காக மாட்டினேன். அந்தத் தாள் என் டூல் பையில் ஸ்க்ரூ டிரைவருக்குக் கீழே கிடந்தது. ஏணியில் நின்றுகொண்டு, சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். கீழே மாமா வாயில் பாட்டோடு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று தான் செய்த முதல் வேலை இதுதான் என்றார். நான் அடுத்த விளக்கை மாட்டினேன்.

அக்கா வந்து வாசலில் நின்றாள். மாமா எல்லா விளக்கையும் ஒரே சமயத்தில் போட்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஆனால் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"ரொம்ப வெளிச்சமா இருக்குங்க," என்றாள்.

அது போதும் அவருக்கு. தெருவில் போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை இரண்டு தடவை கூப்பிட்டார்.

மறுநாளே அக்கா என்னிடம் கருப்பு டேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டாள். ஒயரில் சுற்றுவோமே, அந்த டேப்தான். அடுப்புத் திருகு அணைந்த நிலையில் எங்கே நிற்குமோ அங்கே ஒரு துண்டு ஒட்டினாள். சமையல் மேடையின் ஓரத்தில் ஒரு துண்டு. படியின் விளிம்பில் மட்டும் இந்தக் கோடிக்கு அந்தக் கோடி நீளமாக. அதன்பிறகு வீட்டுக்குள் அவள் நடந்ததைப் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. கருப்புக் கோடு தெரிகிற வரை வேகமாகப் போவாள். தெரிந்ததும் நின்று, காலால் அதை ஒரு தேய் தேய்த்துவிட்டு இறங்குவாள். கோடு தெரியவில்லை என்றால் படி இன்னும் வரவில்லை என்று அவளுக்குக் கணக்கு.

மாமாவின் கண்ணில் மற்ற துண்டுகள் படவில்லை, அடுப்படிப் பக்கம் அவர் போனால்தானே. படியில் இருந்தது பட்டுவிட்டது. வெள்ளை வெளேரென்ற தன் வேலைக்கு நடுவில் ஒரு கருப்புக் கோடு. முதல் தடவை ஒன்றும் கேட்காமல் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டார். அக்கா மறுபடி ஒட்டினாள். இரண்டாவது தடவை பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"மச்சான், வீட்டுப் படியில யாரோ கருப்பு டேப்ப ஒட்டி ஒட்டி வைக்கிறாங்க. உன் வேலையா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். இந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது. எனக்கோ அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அதோடு, பளிச்சென்று பொய் சொல்லிச் சமாளித்துவிடுகிற கெட்டிக்காரத்தனமும் எனக்கு உண்டு. பிறவியிலேயே வந்தது.

"ஆமா மாமா. அங்க ஒரு சின்ன லைட்டு வைக்கலாம்னு அடையாளம் போட்டேன். வேண்டாம்னு விட்டாச்சு. சுரண்டிடுங்க," என்றேன்.

சுரண்டிடுங்க என்று என் வாயால் சொன்னேன். எப்படியும் அக்கா சாயங்காலமே மறுபடி ஒட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு போன் போட்டு எச்சரிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். பத்து மணிக்கு ஒரு கடையில் ஃபியூஸ் போய்விட்டதென்று கூப்பிட்டார்கள். மதியம் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மாமா நேராக வீட்டுக்குப் போயிருக்கிறார். அக்கா தையல்காரம்மா வீட்டில் இருந்தாள். அவர் டேப்பைச் சுரண்டி, பசை ஒட்டிய இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒரு கீறல் விழுந்திருந்த இடத்தில் வெள்ளை தொட்டு, விசிறியால் காய வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நேர்த்தியான வேலை. பன்னிரண்டு மணிவாக்கில் அக்கா திரும்பி வந்து, அலசுவதற்காகக் கூடத்திலிருந்த தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். கோடு வரவில்லை. அதனால் அவள் வேகத்தைக் குறைக்கவுமில்லை.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்தது தையல்காரம்மாதான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அக்கா மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றி, சொட்டு மருந்தைப் பற்றி, டேப் ஒட்டியது தான்தான் என்று. என் பெயரை அவள் எடுக்கவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். மாமா தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய், அக்கா மகளோடு போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தனியாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த அம்மாவிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அச்சடித்த தாளோடு வந்தார். அதை என்னிடம் காட்டி, இதே தாளை முன்பே கொடுத்திருக்கிறார்களாம், யார் கையில் போனதோ தெரியவில்லை என்றார். என் டூல் பை எங்கள் இருவர் காலுக்கும் நடுவில்தான் இருந்தது. நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

முப்பது வருஷமாக ஒளித்துப் பழகிய கை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது. சுவரின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு மங்கலான கிரீம் நிறம் அடித்தார். நிலைகளுக்குக் கரும்பச்சை. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கருநீலம். சமையல் மேடைக்கு ஒரு நிறம், அதன் ஓரத்துக்கு வேறொரு நிறம். கூரையில் நான் மாட்டிய விளக்கை எல்லாம் கழற்றச் சொன்னார். அடுப்புக்கு மேலும் மேடைக்கு மேலும் குனிந்து நிற்கிற விளக்காகப் போடச் சொன்னார். படிக்குக் கருப்பு அடித்து, விளிம்பில் மஞ்சள் கோடு போட்டார். மற்ற பெயிண்டர்கள் வந்து பார்த்துவிட்டு, ஒரேகலருக்கு என்ன ஆச்சு, பெயிண்ட் டப்பா எல்லாம் கைதவறிக் கொட்டிடுச்சா என்றார்கள். அவரும் சிரித்தார். அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவருக்கும் அந்த வீடு கண்ணை உறுத்தத்தான் செய்தது.

ஏழு மாதம் கழித்து மகள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒப்பந்தம் இதுதான்: அம்மா ஒரு பகல் முழுக்கத் தனியாக இந்த வீட்டில் நடமாடிக் காட்டினால், இங்கேயே இருந்துகொள்ளலாம். மாமா வாசலையே பார்த்துக்கொண்டு காலையிலிருந்து நின்றார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி அமளியில் சொட்டு மருந்து சில வாரம் விட்டுப்போயிருந்தது. அதனாலா, நோயின் போக்கே அப்படியா, டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லையாம். இருந்த பார்வையிலும் பாதி போய்விட்டிருந்தது. அக்கா வழக்கம்போல அதை வெளியே சொல்லவில்லை.

கைத்தடியோடு கூடத்தைத் தாண்டி நடந்தாள். படிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டாள்.

"படி எங்கங்க?"

"இதோ, காலுக்கு முன்னாடிதான். மஞ்சக் கோடு போட்டிருக்கேன், பாரு," என்றார் மாமா.

அவள் குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முன்பு போலச் சிரித்துக்கொண்டே அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று நான் நினைத்தேன்.

"தெரியலைங்க," என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குள்ளும் போடுகிற செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை முன்னால் நீட்டித் தரையைத் தேய்த்துக்கொண்டே போனாள். கோட்டின் மேலேயே கால் போனது, நிற்கவில்லை, விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது. மகள் பாய்ந்து தோளைப் பிடித்தாள்.

"காலுக்கும் தெரியலையே. டேப்புன்னா விளிம்பு கொஞ்சம் உரசும், காலு நின்னுடும். நீங்க இவ்வளவு வழவழன்னு போட்டா எப்படிங்க தெரியும்?"

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னாள். மாமா முட்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டை உள்ளங்கையால் தடவினார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

சொரசொரப்பாக ஒரு பட்டை நாளைக்கே ஒட்டிவிடுகிறேன், சுவரில் பிடித்து நடக்கக் கம்பி வைக்கிறேன், படியையே இடித்துச் சரிவாக்கிவிடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு வாரம் போதும் என்றார். மகள் வாயைத் திறப்பதற்குள் அக்காவே பதில் சொன்னாள். இன்னொரு தடவை விழ எனக்குத் தைரியம் இல்லைங்க என்றாள். அடுப்படியில் அவளுடைய பாத்திரங்கள் அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் மகளோடு வண்டி ஏறிவிட்டாள். வண்டி கிளம்புமுன் மாமாவின் கையைப் பிடித்து, நீங்களும் வந்துடுங்களேன் என்றாள். அவர் வேலை இருக்கிறது என்றார். மகளின் மூன்றாவது மாடி வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இருக்காது என்று அவளுக்கும் தெரியும்.

நானும் மாமாவும் மட்டும் வாசலில் நின்றோம். இதற்கு மேலும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"மாமா, அது அக்கா ஒட்டினதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சுரண்டச் சொன்னேன். தாளும் என்கிட்டதான் இருந்துச்சு," என்றேன்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியும்," என்றார். "நீ எப்ப சொல்லுவேன்னுதான் பார்த்துட்டு இருந்தேன். ஏழு மாசம் ஆச்சு."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் இன்னமும் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். புது வீட்டு வேலை வந்தால் ஒயரிங்குக்கு என்னைத்தான் கூப்பிடச் சொல்கிறார். வேறு ஆளைப் போட்டு என்னை அவமானப்படுத்துகிற புத்தி அவருக்குக் கிடையாது. டீ வந்தால் முதல் கிளாஸை என்னிடம்தான் நீட்டுகிறார். ஆனால் மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேலை நடக்கிற இடத்தில் மணல் சுமக்கிறவரையும் டைல்ஸ் இறக்குகிறவரையும் எப்படிக் கூப்பிடுகிறாரோ, அதே மாதிரி என்னையும் 'தம்பி' என்கிறார்.